மண்ணுருவும் மக்கள் வாழ்வும்

(பட்டுக்கோட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், மண்ணால் மக்கள் உருவம் செய்யும் தொழிலும், அவ்வுருவத்தில் மக்கள் வாழ்வின் இன்பதுன்பங்கள் புலப்படும் வகையும் என்பதாம். இப்பொருளை எடுத்தற்குக் காரணம் உண்டு. நம் மாணவர் விடுதியில் மண்ணுருவப் பயிற்சிக்கென ஒரு கொட்டகையும் சிறு சூளையும் அமைத்து, கைதேர்ந்த முதியவர் ஒருவரை அமர்த்துதற்குக் கல்வி நிதியினின்று ஒரு பகுதியைச் செலவிடலாமா என்னும் வினா சென்ற கூட்டத்தில் எழுந்தது. அன்பர் பலர் வேண்டா என்றனர். அவர்கள் சொன்ன தடைகள் இரண்டு. அவற்றை அற்பமென்று யாம் கருதவில்லை. ஆகலின், அவற்றிற்கு விடை கூற ஒரு மாத காலம் எடுத்துக்கொண்டோம்.

முதல் தடை: ‘நம் முன்னோர் படாத பாடெல்லாம் பட்டு மண்ணைவிட்டு வெளியேறினர், நாமே பிள்ளைகள் கையில் மீண்டும் மண்ணைக் கொடுப்பதா?’ இரண்டாம் தடை: ‘உருவம் செய்தல் தெய்வத்திற்கும் நேர்த்திக்கடனுக்கும் உரியது, கிழவனையும் உழத்தியையும் கூலியாளையும் மண்ணிற் செய்துவைத்தல் நம் மரபன்று.’

இரண்டாவதை முதற்கண் எடுத்துக்கொள்வோம். அது தமிழாசிரியனுக்கு எளிது. முதலாவதோ எவர்க்கும் எளிதன்று.

உருவம் சமைத்தற்குரிய பொருள்களை எண்ணிய நிகண்டு நூலார் கல், உலோகம், செங்கல், மரம், சுதை, தந்தம், மெழுகு முதலியவற்றோடு மண்ணையும் வைத்து எண்ணினர். மணிமேகலை ஆசிரியரோ தெய்வ உருவங்கள் எவற்றால் அமைக்கப்பெறும் என்று கூறுமிடத்து, கல்லுக்கும் மரத்துக்கும் முன்னே மண்ணை வைத்தார். இவை தெய்வ உருவங்களைப் பற்றியன அல்லவோ என்பீர்கள். மெய்யே. மக்கள் உருவத்திற்கு உரிய சான்று ஏட்டிற் கிடைக்கவில்லை; நிலத்தின் அடியிற் கிடைத்தது.

பொருநையாற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரை நீவிர் கேள்வியுற்றிருப்பீர்கள். இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைத்த பெருங்காடு அது. 2004ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது ஒரு பானை ஓடு வெளிப்பட்டது. அதன்மேல் மண்ணை ஒட்டி எழுப்பிய புடைப்புருவங்கள் இருந்தன. மெலிந்த உயர்ந்த பெண் ஒருத்தி, அவள் அருகே நிற்கும் நெற்பயிர், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. அவளைத் தெய்வமென்றே கொள்வோமாயினும், அத்தெய்வத்தைச் சூழ நம் முன்னோன் எவற்றை வைத்தான் என்பதை நோக்குக. ஆற்றங்கரை வயலில் அவன் நாள்தோறும் கண்டவற்றையே வைத்தான். நீலகிரியின் பழைய கற்குவைகளினின்று கிடைத்த தாழிமூடிகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன; அவற்றின்மேலும் எருமைகளும் மக்களும் மண்ணால் அமைந்திருக்கக் காணலாம். ஆகவே, வாழ்வை மண்ணிற் காட்டுதல் மரபன்று என்பது பொருந்தாது. மரபின் தொடக்கமே அதுவாம்.

தாழி என்றவுடன் புறநானூற்றின் 256ஆம் பாட்டு எம் நினைவிற்கு வருகின்றது. பாடியவர் பெயர் அழிந்துபோயிற்று. கணவனை இழந்த ஒருத்தி குயவனை விளித்துப் பேசுகின்றாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தைப் பற்றிக்கொண்ட சிறு பல்லி அவ்வண்டி போகும் வழியெல்லாம் போவதுபோலத் தன் கணவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள் அவள். தாழியைச் சற்று அகலமாக வனைக, எனக்கும் அதில் இடம் வேண்டும் என்பதே அவள் வேண்டுகோள். 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனாரும் குயவனையே விளித்து, கிள்ளிவளவன் புகழுக்கேற்ற தாழியை நீ எங்ஙனம் வனைவாய் என்று கேட்கின்றார். அது புலவர் வாக்கு. நிலவுலகம் சக்கரமாகவும் மாமலை மண்ணாகவும் வேண்டும் என்று விரிவது. முந்தியதோ ஒரு சாண் அகலம் கூட்டக் கேட்பது. வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்து ஓதும்போது மாணவர் கண் கலங்குவது சாண் அகலத்திற்கே.

இப்பாட்டுக்களை நம் குலப்பெருமைக்குச் சான்றாகப் பலர் மேடையில் எடுத்தோதுவர். பெருமை ஒருபுறம் இருக்க. இவற்றில் யாம் காண்பது வேறொன்று. துயருற்றார் முதலில் வந்து நிற்குமிடம் குயவன் வாயில். அவர் சொல்வதைக் கேட்டு அதற்கேற்ப அளவு வைத்து வனைவது அவன் தொழில். கேட்டுச் செய்தல் என்பதே நம் மண்வேலையின் உயிர்நிலை. அது தாழியோடு முடிந்துவிடவில்லை. நேர்த்திக்கடன் உருவங்களில் இன்றளவும் நடக்கின்றது.

பட்டுக்கோட்டையினின்று மேற்கே ஆலங்குடிப் பக்கமும், தென்மேற்கே அறந்தாங்கிப் பக்கமும் செல்வோர் ஐயனார் கோயில்தோறும் மண்குதிரை வரிசைகளைக் காண்பர். புரவியெடுப்பு விழாவிற்கு ஊரார் கோயில் நிலத்தினின்று ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையிற் கொடுப்பர். பிடிமண் கொடுத்தல் என்பது அதன் பெயர். அம்மண் குதிரை செய்யும் களியிற் கலக்கப்படும். எம் கோடை விடுமுறை ஒன்றில், அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே முதியவர் ஒருவர் இல்லத்தில் பத்து நாள் தங்கி இவ்வேலையைக் கண்டோம். குளத்துக் களியோடு மணலும் உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்தனர். முதலில் நான்கு கால்கள், உள்ளே வெற்றிடமான குழல்களாக எழுந்தன. அவை சற்றே இறுகியபின் வயிறு, பின்பு மார்பு, பின்பு கழுத்து. கீழ்ப்பகுதி மேற்பகுதியைத் தாங்கும் வன்மை பெறுமுன் மேலே ஏற்றினால் உருவம் குந்திவிடும். மிக உலர்ந்தபின் ஏற்றினால் ஒட்டாது. அந்த இடைநேரம் எப்பொழுது வருகின்றது என்பதைப் பெரியவர் விரற்கணுவால் தட்டி, ஓசையைக் கேட்டு அறிந்தார். கடிகாரம் பார்க்கவில்லை.

உள்ளே வெற்றிடம் விடுதலும் உமி கலத்தலும் ஏன் என்று வினவினோம். திரண்ட மண்ணுக்குள் ஈரம் தங்கும். நெருப்பிற்பட்டதும் அது ஆவியாகி வெளியேற வழி தேடும். வழியில்லையேல் உருவத்தைப் பிளக்கும். உமி எரிந்தொழிந்து நுண்துளைகளை விட்டுச்செல்லும். அத்துளைகளே ஆவிக்கு வழி. நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தில் நிகழும் இவ்வினையை வேதியியல் நூல் ஓர் அதிகாரம் எழுதி விளக்கும். பெரியவர், ‘மண்ணுக்கு மூச்சு விடணும், வாத்தியாரய்யா’ என்று நான்கு சொல்லில் முடித்தார்.

ஆனால் யாம் அங்கே கண்டவற்றுள் சிறந்தது குதிரை அன்று. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, ஒரு பெண் மதலைப் பொம்மைக்குச் சொல்லிப்போக வந்தாள். மதலை என்பது பிள்ளைவரம் கிடைத்தோரும், பிள்ளையின் நோய் நீங்கப் பெற்றோரும் கோயிலில் வைக்கும் சிறு குழந்தையுரு. கையளவும் முழ அளவுமாக அவை பலவும் ஒரே அச்சிற் செய்தவைபோல் தோன்றும். குதிரையைப் பார்க்கச் செல்வோர் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. செய்வோரும் அவற்றைச் சில்லறை வேலையென்றே எண்ணுவர். பெரியவர் அப்பெண்ணை உட்காரச் சொன்னார்.

‘ஆணா, பொண்ணா ஆத்தா?’

‘ஆம்பிளைப் பிள்ளை, வேளாரய்யா. ஒன்றரை வயசு. காய்ச்சல்லே ரெண்டு காலும் சோர்ந்து போச்சு.’

‘இப்ப நடக்குறானா?’

‘நடக்கலை. சுவரைப் பிடிச்சு நிக்கிறான். நேத்திக்குத்தான்.’

அவ்வளவே பேச்சு. மறுநாள் மாலை அவர் செய்துவைத்திருந்த உருவைக் கண்டோம். மற்ற மதலைகள் இரு கையும் தொடையோடு சேர்த்து நேரே நிற்பன. இதன் இடக்கையோ தோளளவு உயர்ந்து, விரல்கள் விரிந்து, பக்கத்தில் எதையோ ஊன்றியிருந்தது. சுவர் இல்லை. காற்றில் ஊன்றிய கை. முழங்கால்கள் சற்றே மடங்கியிருந்தன. கோயிலில் நூறு மதலைகளின் நடுவே அதனை வைத்தால் அந்தக் கையின் பொருள் ஒருத்திக்கே விளங்கும். அவளுக்கு விளங்கினாற் போதும் என்று அவர் செய்தார். ‘கூலி கூடுதலாக் கேக்கலாமே’ என்று அவர் மகன் சொன்னதற்கு, அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அன்பர்களே! மக்கள் வாழ்வை மண்ணிற் காட்டுதல் என்றால் யாது என்று எம்மை எவரேனும் கேட்பின், அந்தக் கையையே காட்டுவோம்.

இதனிடத்து இளைஞர் அறியவேண்டியது ஒன்று உண்டு. துயரத்தைக் காட்டவேண்டுமெனில் கண்ணீர்த் துளி வைக்கவேண்டும், மகிழ்ச்சியைக் காட்டவேண்டுமெனில் பல்வரிசை தெரியவேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். இக்காலத்துச் சிமெண்டு உருவங்களில் எனாமல் வண்ணம் பூசிப் பிதுங்கிய கண்ணும் சிவந்த உதடும் வைப்பது இவ்வெண்ணத்தாலேதான். உமியும் மணலும் கலந்த களி நுண்ணிய கோடுகளைத் தாங்காது, உலரும்போது சுருங்கும், சூளையில் மேலும் சுருங்கும். கண்ணிமையில் வைத்த பாவம் வெந்தபின் இருக்குமென்று சொல்ல இயலாது. நிலைத்து நிற்பவை கழுத்தின் சாய்வு, தோளின் தாழ்வு, முதுகின் வளைவு, கால் ஊன்றிய வகை ஆகியனவே. களத்துமேட்டில் தொலைவில் நிற்பவன் கடன்பட்டவனா, விளைச்சல் கண்டவனா என்பதை அவன் முகம் தெரியாமலே நாம் அறிவதில்லையா? மண்ணின் மொழி அத்தகையது. அதனைக் குறையென்று கருதுவோர் மெழுகிற்கும் வெண்கலத்திற்கும் போகட்டும். சுவாமிமலைக்குச் சென்றாலும் மெழுகுருவின்மேற் பூசக் காவிரி வண்டலையே நாடவேண்டும் என்பது வேறு செய்தி.

இனி நம் ஊர்ச் செய்தி ஒன்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் நம் வட்டாரத்தில் செய்த கொடுமையை யாம் எடுத்துரைத்தல் வேண்டா. நாற்பது ஆண்டுத் தென்னைகள் ஓரிரவில் வீழ்ந்தன. அதுபற்றிப் பாட்டுக்கள் வந்தன, படங்கள் வந்தன. மண்ணிலே ஒன்றே ஒன்றை யாம் கண்டோம். எம் மாணவி ஒருத்தி, நம் சமூகத்துப் பெண்ணே, பள்ளி திறந்து சில கிழமைகள் கழித்து ஒரு மண்ணுருவைத் தாளிற் பொதிந்து கொண்டுவந்தாள். விழுந்த தென்னையின்மேல் ஒருவர் குந்தியிருக்கின்றார். முகம் நமக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிகின்றது. ‘ஏன் அம்மா முதுகைக் காட்டினாய்?’ என்றோம். ‘அப்பா எங்க பக்கம் திரும்பவே இல்லீங்க ஐயா, நாலு நாளா’ என்றாள். கலைக்கல்லூரியில் எவரிடமும் அவள் பாடம் கேட்டவள் அல்லள்.

அவ்வுருவை அவள் வீட்டு அடுப்பிலேயே சுட்டாள். அது மூன்றாகப் பிளந்தது. உள்ளீடு நீக்காமல் திரண்ட மண்ணாகவே செய்திருந்தாள், உமியும் சேர்க்கவில்லை. அவள் பாட்டனார் சூளை வைத்தவர். உயிரோடு இருந்திருப்பின் ஒரு சொல்லில் தடுத்திருப்பார். தந்தையார்க்கு அச்சொல் தெரியாது. இரண்டு தலைமுறையில் நம்மிடமிருந்து போனது அந்த ஒரு சொல்தான். கண் போகவில்லை, கையும் போகவில்லை என்பதற்கு அப்பெண்ணே சான்று. கொட்டகையும் முதியவரும் வேண்டும் என்று யாம் கேட்பது இதன்பொருட்டே.

இப்பொழுது முதல் தடைக்கு வருவோம். மண்ணைவிட்டு வெளியேறினோம் என்று சொன்ன பெரியவர் இதோ முன்வரிசையில் இருக்கின்றார். அவர் சொல்லில் உள்ள வடு எமக்கும் உண்டு. ‘சட்டிபானை’ என்று பெயரிட்டு அழைக்கப்பெற்ற பிள்ளைகளுள் யாமும் ஒருவர். அலுமினியமும் நெகிழியும் வந்து பானை வாணிகத்தை விழுங்கியபோது, மழைக்காலத்தில் சூளை எரியாது அடுப்பும் எரியாத வீடுகளை யாம் அறிவோம். பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் கற்கவேண்டும் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்து இல்லை. எவனும் பிறப்பினால் மண் மிதிக்கக் கடமைப்பட்டவன் என்று இச்சங்கம் சொல்லுமாயின், யாமே எதிர்த்து எழுவோம்.

ஆயினும் இதனை நோக்குங்கள். சென்னையில் 1850ஆம் ஆண்டு அலெக்சாந்தர் அண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கின்றது. கும்பகோணத்திலும் அத்தகைய கல்லூரி உண்டு. அங்கே சுடுமண் வேலையும் சிற்பமும் பாடங்களாக உள்ளன. எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் விரும்பிச் சேர்ந்து களி பிசைகின்றனர். கலைஞர் எனப் பெயர் பெறுகின்றனர். அது நன்றே. சென்னைக் கடற்கரையில் நான்கு தொழிலாளர் ஒரு பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையை நீவிர் கண்டிருப்பீர்கள். அப்பள்ளியின் தலைவராக 1929 முதல் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி படைத்தது, 1959ஆம் ஆண்டு சனவரியில் நிறுவப்பெற்றது. இத்தகைய வெண்கல உருவங்கள் பெரும்பாலும் முதலிற் களிமண்ணிலேயே உருப்பெறுவன. பிறர் கையில் பெருமையாக விளங்கும் மண், நம் பிள்ளை கையில் மட்டும் இழிவாவது எங்ஙனம்? இழிவு மண்ணில் இல்லை. கூலியைக் குறைத்துப் பெயரைக் கெடுத்தோர் வைத்தது அது. அவர்கள் வைத்ததை நாம் ஏன் காத்துவர வேண்டும்?

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் வழிவழியாக மண்வேலை செய்யும் குடும்பத்தில் தோன்றிய வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. வங்கத்துக் கிருட்டிணநகரின் கூர்ணி என்னும் பகுதியைப் பாருங்கள். அங்குள்ள மண்வினைஞர் தெய்வ உருவங்களோடு நில்லாது உழவன், மீனவன், பிச்சைக்காரன், சுமை தூக்குவோன் என ஊரில் கண்டவரையெல்லாம் சாண் அளவில் செய்தனர்; 19ஆம் நூற்றாண்டிலேயே அவை ஐரோப்பியக் கண்காட்சிகளுக்குச் சென்றன. நம் நவராத்திரிக் கொலுவிலும் செட்டியாரும் அவர் மனைவியும் கடைவிரித்து அமர்ந்திருப்பது உண்டன்றோ? அந்த வழியில் நாம் இன்னும் ஓரடி நடந்திருக்கலாம். நடக்கவில்லை. அச்சில் வார்ப்பது விரைவு, விற்பதும் எளிது என்று நின்றுவிட்டோம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். அறந்தாங்கிப் பெரியவர் தம் உருவம் எதிலும் பெயர் எழுதியதில்லை. நேர்த்திக்கடன் கொடுப்பவருடையது, செய்தவனுடையது அன்று என்பது அவர் கொள்கை. அதனை யாம் மதிக்கின்றோம். சீன நாட்டில் சியான் நகருக்கு அருகே 1974ஆம் ஆண்டு கிணறு தோண்டிய உழவர் கண்ட மண்வீரர் படையில், ஆயிரக்கணக்கான உருவங்களுள் சிலவற்றிற் செய்தோர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. புகழுக்காக அன்று, பழுது நேர்ந்தால் எவனைப் பிடிப்பது என்று மேலோர் அறிதற்காக. எதற்காகப் பொறிக்கப்பட்டதாயினும், 2,200 ஆண்டுகளுக்குப்பின் அப்பெயர்கள் படிக்கப்படுகின்றன. நம் தஞ்சை நாட்டிலேயே, கோயில்வெண்ணி என இன்று வழங்கும் ஊரிற் பிறந்த வெண்ணிக் குயத்தியார், கரிகாலன் வென்ற போரைப் பாடப்புகுந்து, தோற்று வடக்கிருந்த சேரனே மேலானவன் என்று வென்றவன் முகத்துக்கெதிரே சொன்னார். அவருக்கு ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் நின்றன, இயற்பெயர் நிற்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இயற்பெயரும் நிற்கட்டும் என்பது எம் விருப்பம்.

செலவைப் பற்றி அஞ்சுவோர்க்குச் சில கூறி அமைவோம். மண்ணுக்கு விலை இல்லை. ஏரி குளங்களினின்று உழவரும் மண்பாண்டத் தொழிலாளரும் வண்டலும் களியும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி அளிக்கும் முறை 2024ஆம் ஆண்டில் ஏற்பட்டுள்ளது. விண்ணப்பத்தை யாமே எழுதித் தருவோம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் சூன் 12; கல்லணைக் கால்வாய்வழி நம் பக்கத்துக் குளங்களுக்கு நீர் வந்து சேருமுன் களியை எடுத்து நிழலிற் குவித்துவிடல் வேண்டும். ஆடியும் ஆவணியும் பிசையவும் உருச்செய்யவும் ஆகும். மழைக்காலத்தில் எதையும் சுடலாகாது. செய்தவற்றைக் கொட்டகையில் ஆறப்போடலாம். சம்பா அறுவடை முடிந்து தையிலும் மாசியிலும் வைக்கோல் கிடைக்கும்போது முதற் சூளை வைக்கலாம். அறந்தாங்கிப் பெரியவர் இப்பொழுது எண்பதை நெருங்குகின்றார். ஓராண்டு வந்து தங்க இசைந்துள்ளார், தம் பேரனையும் உடன் அழைத்துவரலாம் எனின். பெண்பிள்ளைகளும் மாலைநேரம் வந்து பயில இடம் வைக்கவேண்டும் என்பது எம் வேண்டுகோள். இனி அவையோர் முடிவு செய்க. முடிவு சாதகமாயின், வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு விடுதிப் பின்புறத்தில் இடம் அளக்க வேண்டும். கயிறும் முளைக்குச்சியும் யாம் கொண்டுவருவோம்.